ஜாத்திரைச் சேலையை யார் துவைப்பது?

ஆண்டுதோறும் மே மாத வெயிலில் திருப்பதி தாத்தய்யகுண்டா கங்கம்மாவுக்கு ஜாத்திரை. கைகால குடும்பத்து ஆண்கள் நாளுக்கு ஒரு வேஷம் கட்டித் தெருத் தெருவாக வருவார்கள். அது அவர்களுடைய பரம்பரை உரிமை. வேஷம் அவர்களோடு நின்றுவிடுவதில்லை. ஆட்டோ ஓட்டுகிறவர், கல்லூரி மாணவன், மீசை முறுக்கிய கடைக்காரர் என்று வேண்டுதல் உள்ள ஆண்களெல்லாம் சேலை கட்டி, சவுரி வைத்துப் பின்னி, வளையல் அடுக்கிக்கொண்டு கோவிலுக்கு நடக்கிறார்கள். பெண்களைச் சீரழித்துக்கொண்டிருந்த பாளையக்காரன் ஒருவனைக் கங்கம்மா வேஷம் மாற்றி மாற்றித் தேடிப் பிடித்துத் தலையை எடுத்தாள் என்பது கதை. ஏழுமலையானுக்கு இவள் தங்கை முறை என்பதால், ஜாத்திரைக்குத் தேவஸ்தானத்திலிருந்து பட்டுச்சேலையோடு சீர் வரும். 2024 டிசம்பரில் ‘புஷ்பா 2’ வந்து, அல்லு அர்ஜுன் சேலை கட்டி ஆடிய பிறகு இந்தியா முழுக்க இந்த ஜாத்திரை தெரிந்துவிட்டது.

நான் சாமி இல்லை என்கிற கட்சி. இருந்தாலும் இந்த ஜாத்திரைமேல் எனக்குக் கொஞ்சம் பிரியம் உண்டு. மீசைக்காரன் வெட்கப்படாமல் சேலை கட்டித் தெருவில் நடக்கிற திருவிழா நம் பக்கத்தில் எத்தனை இருக்கிறது? அதனால்தான் கேட்கிறேன். ஜாத்திரை முடிந்த மறுநாள், மஞ்சளும் குங்குமமும் வியர்வையும் ஊறிய அந்தச் சேலையைத் துவைத்துப் போடுவது யார்? அது பெரும்பாலும் வீட்டுப் பெண்ணிடம் வாங்கிக் கட்டிய சேலை. அதைக் கட்டிக்கொண்டு ஊரே பார்க்க நடந்தவர், அதே சேலையை மொட்டைமாடிக் கொடியில் காயப்போடும்போது எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டால் கூனிக்குறுகிப் போகிறார். சேலை கட்டினால் பக்தி, துவைத்தால் மானக்கேடு என்று எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது?

புத்தூருக்குப் பக்கத்தில் எனக்குப் பழக்கமான ஒரு கூட்டுக் குடும்பம். பதினோரு பேர். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டம் ஆகும்வரை அதுவும் சித்தூர் மாவட்டம்தான். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. அந்த வீட்டில் யார் யாருக்கு என்ன மரியாதை என்று தெரிய வேண்டுமானால் கூடத்தில் உட்கார்ந்து பயனில்லை. பின்கட்டுக் கொடிகளைப் பார்த்தால் போதும். மாமியாரின் மடிச்சேலை உள்ளே, உத்தரத்திலிருந்து தொங்கும் மூங்கிலில். கைபடாமல் குச்சியால் ஏற்றி, குச்சியாலேயே இறக்க வேண்டும். பின்கட்டில் நல்ல வெயில் விழும் முதல் கொடி ஆண்களின் சட்டை வேட்டிக்கு. அடுத்தது பிள்ளைகளின் யூனிபார்முக்கு. பெண்களின் பாவாடைக்கு இரண்டுக்கும் பின்னால்தான் இடம், ஏனென்றால் பாவாடைக்குக் கீழே ஆண்பிள்ளை நடந்தால் ஆயுசு குறையுமாம். (பாவாடையால் குறைகிற ஆயுசு பீடியால் குறைவதாக அந்த வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.) உள்ளாடைகள் சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் உள்ள சந்தில், மேலே ஒரு பழைய துண்டைப் போர்த்திக்கொண்டு காயும். மாதத்தில் மூன்று நாள் தனி வாளி, தனிச் சோப்பு.

கார்த்திகை பிறந்தால் அந்த வீட்டு அண்ணன் தம்பிகளில் இளையவர் சபரிமலைக்கு மாலை போடுவார். 41 நாளும் கருப்பு வேட்டி, மற்றத் துணியோடு சேராமல் தனியாக. மூத்தவர் வாலிபத்தில் சென்னையில் வேலை பார்த்தபோது பெரியார் திடல் கூட்டங்களுக்குப் போய்ப் பழகியவர். டிசம்பர் 24 பெரியார் நினைவு நாள். அன்று கருப்புச் சட்டையில்லாமல் அவரைப் பார்க்க முடியாது. மண்டல பூஜையும் அதையொட்டித்தான் வரும். அந்த வாரம் தம்பி வேட்டியும் அண்ணன் சட்டையும், சாயம் போகும் என்பதால், ஒரே வாளியில் ஊறும். சாமி உண்டு என்பவரின் கருப்பு, இல்லை என்பவரின் கருப்பு, இரண்டையும் கசக்குகிற கை அண்ணியாருடையது.

மூத்தவரிடம் கேட்டேன்: “அண்ணே, இந்தச் சட்டையையாவது நீங்களே துவைச்சா என்ன?”

“அவ ஒத்துக்க மாட்டா தம்பி. சோப்பு எவ்வளவு போடணும்னும் எனக்குத் தெரியாது.”

உள்ளேயிருந்து குரல் வந்தது: “ஒத்துக்க மாட்டேன்னு யார் சொன்னது? கேட்டிருந்தாத்தானே?”

1948இல் சென்னை மாகாண அரசு பெரியாரின் கருஞ்சட்டைப் படையைத் தடை செய்தது. தடையை மீறிச் சட்டை போட்டவர்களின் துணிச்சலைப் பற்றி நம்மிடம் நிறையப் பக்கங்கள் இருக்கின்றன. அந்தச் சட்டைகளை ராத்திரியில் துவைத்துக் காயவைத்தவர்களுக்கு எத்தனை வரி ஒதுக்கினோம்? பகுத்தறிவு பேசுகிற வீட்டுக்கும் பஜனை பாடுகிற வீட்டுக்கும் பின்கட்டில் வித்தியாசம் இல்லை என்றால், பகுத்தறிவு இன்னும் கூடத்தைத் தாண்டவில்லை என்றுதானே அர்த்தம்?

மடிக்கு வருவோம். மடி என்றால் சுத்தம், பழைய கால சுகாதாரம் என்று படித்தவர்களே மேடையில் பேசுகிறார்கள். சோதித்துப் பார்ப்போம். இப்போதுதான் அலசிக் காயப்போட்ட பருத்திச் சேலை. பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்த பேரன் தெரியாமல் தொட்டுவிட்டான். மடி போயிற்று, திரும்ப நனைக்க வேண்டும். பக்கத்தில் பீரோவில் ஒரு பட்டுச்சேலை. பத்துக் கல்யாணம் பார்த்து, பந்தி வியர்வையில் ஊறி, ஒரு தடவைகூடத் தண்ணீர் காணாதது. அது மடி! பட்டுக்குத் தோஷமில்லையாம். உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால் எதில் கிருமி அதிகம் என்று பேரனே சொல்லிவிடுவான். பட்டைத் துவைகல்லில் அடித்தால் கிழியும், சாயம் போகும், சரிகை கறுக்கும். உடையவருக்கு நஷ்டம் வருகிற இடத்தில் சாஸ்திரம் பக்குவமாக வளைந்துகொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். பாலியெஸ்டர் 1941இல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அது மடிக்கு ஆகுமா ஆகாதா என்று எந்த ரிஷியும் சொல்லிவிட்டுப் போகவில்லை. ஆனாலும் எங்கள் பக்கத்துப் பாட்டிகளிடம் அதற்கும் தீர்ப்பு தயாராக இருக்கிறது.

இன்னொன்று. திருமலையில் மூலவருக்குச் சாத்திக் களைந்த வஸ்திரத்தைப் பெரிய மனிதர்களின் தோளில் போர்த்துகிறார்கள். அதற்குப் பெரிய சிபாரிசு வேண்டும். கிடைத்தவர் அதைப் பெட்டியில் வைத்துப் பூஜிக்கிறார். ஆக, ஒருவர் உடுத்திக் களைந்தது என்பதாலேயே துணி இழிவாகிவிடுவதில்லை. உடுத்தியது யார் என்பதை வைத்துத்தான் கணக்கு. சாமி களைந்தால் பிரசாதம், மாமனார் களைந்தால் மருமகளின் வேலை, மருமகள் களைந்தால் தீட்டு. இந்த வரிசையில் அழுக்கு என்கிற பேச்சு எங்கேயாவது வருகிறதா?

மடிக்காரர்களிடம் நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆசாரம் பார்த்த ஆண்கள் பலர், அடுத்தவர் கை படக் கூடாது என்பதற்காகவே, குளத்திலோ கிணற்றடியிலோ தங்கள் வேட்டியைத் தாங்களே அலசிப் பிழிந்து உலர்த்திக்கொண்டவர்கள். ஆண்பிள்ளைக்குத் துவைக்கத் தெரியாது என்ற வாதம் அங்கேயே செத்துவிட்டது. தன் புனிதம் கெட்டுவிடும் என்றால் துவைத்துக்கொள்கிற கை, போர்வையையும் பிள்ளையின் மூத்திரத் துணியையும் கண்டால் மட்டும் மடங்கிக்கொள்கிறது.

வெளுக்கிற அறிவு ஊரில் யாரிடம் இருந்தது? சித்தூர், திருப்பதிப் பக்கம் சாக்கலி என்பார்கள், அரசுக் காகிதத்தில் ரஜகர், தமிழில் வண்ணார். அவர்கள் கையாண்ட உவர்மண்ணில் சோடியம் கார்பனேட் உண்டு. தண்ணீரின் கடினத்தன்மையை அது முறிக்கும். துணியில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து தானே சோப்பாக மாறும். உவர்நீரில் முக்கிய துணியை வெள்ளாவிப் பானைமேல் அடுக்கி ராத்திரி முழுக்க அவித்தால் பேனும் தங்காது, கிருமியும் தங்காது. நுண்ணுயிர் என்ற பேச்சே எழாத காலத்தில், கிருமிக்கு எதிராக ஊரில் நடந்த உருப்படியான வேலை இந்த வெள்ளாவி. மடிச்சேலையோ சோப்புப் படாமல் பச்சைத்தண்ணீரில் முங்கி எழுந்தது.

பெரிய குடும்பத்தின் துணியை ஒழுங்குபடுத்துவது எப்படி என்று இப்போது ஆளுக்கு ஆள் பாடம் எடுக்கிறார்கள். ஒரு குடும்பம் என்ன, ஒரு ஊரின் மொத்தத் துணியையும் வாங்கிப் போய், மாறாமல் வீடு வீடாகத் திருப்பித் தந்தவர்கள் எழுத்தறியாத வண்ணார்கள். சேங்கொட்டைச் சாற்றைச் சுண்ணாம்போடு சேர்த்துத் துணியின் மூலையில் ஒரு புள்ளி, ஒரு கோடு, ஒரு பிறை. எத்தனை வெள்ளாவி கண்டாலும் அது அழியாது. எந்தக் குறி எந்த வீடு, அதில் எந்த மருமகள் என்பதெல்லாம் மனசுக்குள் இருக்கும். இரண்டாம் உலகப் போரில் இந்தியா வந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கழுத்தில் தடிப்புத் தடிப்பாக அரிப்பு. மருத்துவர்கள் தேடிப் பார்த்ததில் காரணம் சட்டைக் காலரில் இருந்த வண்ணான் குறி! சேங்கொட்டைச் சாறு தோலைப் புண்ணாக்கும். ஆயுள் முழுக்க அதைக் கையால் தொட்டவனின் விரல் என்ன ஆயிற்று என்று தேடிப் பார்க்க எந்த ராணுவமும் மருத்துவரை அனுப்பவில்லை.

இந்த அறிவுக்கு ஊர் கொடுத்த கூலி களத்து நெல்லும், ராத்திரி வீடு வீடாகப் போய் வாங்குகிற சோறும். பெண் பிள்ளை வயசுக்கு வந்தால் வண்ணாத்தி மாத்துச் சேலை கொண்டுவந்தால்தான் தீட்டுக் கழியும். உயர்ந்த சாதி என்று சொல்லிக்கொண்ட வீட்டுப் பெண் அன்று வண்ணார் வீட்டுச் சேலையைத்தான் உடுத்தியாக வேண்டும். மறுநாள் அந்த வண்ணாத்தி அதே வீட்டின் நிலைப்படியைத் தாண்டக் கூடாது. தலித்துகளுக்கு வெளுத்த புதிரை வண்ணார் நிலை இன்னும் கீழே. 1994இல் வந்த இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ நாவலைப் படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எழுத்தாளர் காஞ்சா அய்லய்யா ஒன்றைக் கவனித்து எழுதியிருக்கிறார்: சாக்கலிச் சாதியில் ஆணும் பெண்ணும் ஒன்றாக நின்று துவைத்தார்கள், பெண்களின் துணியையும் ஆண்கள் துவைத்தார்கள். இதற்காக அவர்களை அடித்தட்டுப் பெண்ணியவாதிகள் என்றே அவர் அழைத்தார். ஊர் முழுவதிலும் ஒரு பெண்ணின் சேலையைக் கையால் கசக்கிய ஆண் வண்ணான் ஒருவன்தான். அதையே அவன் தாழ்ந்தவன் என்பதற்குச் சாட்சியாக வைத்துக்கொண்டது ஊர்.

வண்ணார் வீட்டுப் பிள்ளைகள் படித்தார்கள், வேறு வேலைக்குப் போனார்கள். நல்லதாயிற்று. மிச்சமிருப்பவர்கள் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறார்கள். 2020இல் ஆந்திர அரசு தையற்காரர், முடிதிருத்துவோரோடு சேர்த்து இவர்களுக்கும் ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் தரும் திட்டம் கொண்டுவந்தது. ஆனால் வண்ணார் இறக்கி வைத்த மூட்டையை வீட்டில் எடுத்துக்கொண்டது யார்? ஆணும் பெண்ணுமாகச் சரிபாதி பிரித்துக்கொண்டோமா? சாதியின் தலையிலிருந்து இறங்கிய மூட்டை நேராக மருமகளின் தலையில் ஏறியது. அமெரிக்காவிலும் கிட்டத்தட்ட இதுதான் நடந்திருக்கிறது. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற வரலாற்றாசிரியர் 1983இல் எழுதிய புத்தகத்தில் காட்டுகிறார்: சலவைக் கடைக்கும் சலவைக்காரிக்கும் போய்க்கொண்டிருந்த துணி, இயந்திரம் வந்ததும் வீட்டுக்கே திரும்பி வந்தது. துவைப்பது எளிதாயிற்று என்று அடிக்கடி துவைக்க ஆரம்பித்தார்கள், வேலை குறையவில்லை.

சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் ஸ்ரீசிட்டியில் 2025 மே மாதம் எல்ஜி நிறுவனத்தின் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஆண்டுக்கு 8.5 லட்சம் வாஷிங் மிஷின் அங்கே செய்யப்போகிறார்களாம். வரட்டும், வீட்டுக்கு ஒன்று வரட்டும். புத்தூர் வீட்டிலும் மிஷின் இருக்கிறது. போர்வெல் தண்ணீரின் உப்பு உள்ளே வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிறது. “மிஷின்தானே துவைக்குது” என்கிறார் இளையவர். சட்டைப் பையில் பேனா இருக்கிறதா என்று மிஷின் பார்க்காது. காலர் அழுக்கை முன்கூட்டித் தேய்க்காது. எந்தச் சுடிதார் சாயம் போகும், யார் பாவாடை நாடா உள்ளே போய்விட்டது, சனிக்கிழமை எந்தப் பிள்ளைக்கு வெள்ளை யூனிபார்ம் என்றெல்லாம் அதற்குத் தெரியாது. மழை வந்தால் ஓடிப்போய் எடுக்காது. மடித்து அவரவர் அலமாரியில் வைக்காது. பதினோரு பேரின் துணியில் தண்ணீரோடு முடிகிற வேலை கால்வாசி இருந்தால் அதிகம். மிச்சமெல்லாம் ஞாபகம், நடை, மடிப்பு.

தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவழிப்பது ஒரு நாளைக்கு 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம், அதுவும் வீட்டுவேலையில் கை வைக்கிற ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்த சராசரி.

இந்த இடத்தில் யாராவது காந்தியை இழுப்பார்கள். தென்னாப்பிரிக்காவில் வக்கீலாக இருந்தபோது வண்ணான் செலவைக் குறைக்க அவரே துவைக்கக் கற்றுக்கொண்டார். கஞ்சி அதிகமாகிப்போய், நீதிமன்றத்தில் காலரிலிருந்து கஞ்சி உதிர, மற்ற வக்கீல்கள் சிரித்தார்கள். அவர் கவலைப்படவில்லை. நல்ல மனிதர், நல்ல கதை. ஆனால் சலவையைப் பற்றிப் புத்தகம் வாங்கிப் படித்து, மனைவிக்கும் சொல்லிக்கொடுத்ததாக அதே இடத்தில் எழுதுகிறார். போர்பந்தரில் பிறந்த கஸ்தூர்பாவுக்குத் துணி துவைக்கப் புத்தகப் பாடம்! ஆண் துவைக்க வந்தால்கூட வாத்தியாராகத்தான் வருவான் போலிருக்கிறது.

சந்தில் துண்டு போர்த்திக் காய்கிற துணியைச் சும்மா விட முடியாது. மாதவிலக்குத் துணியைச் சோப்புப் போட்டு அலசி நல்ல வெயிலில் காயவைத்தால் ஒரு குறையும் வராது. ஈரம் சரியாகப் போகாத துணியை இருட்டில் ஒளித்து வைத்து எடுத்துக் கட்டினால் அரிப்பும் தொற்றும் வரும். சித்தூர் வெயில் இந்தியாவுக்கே தெரியும். அந்த வெயிலில் ஒரு கைக்குட்டை அளவு இடம் அந்தத் துணிக்குக் கிடையாது. அதைப் பார்த்தால் ஆண்களின் கண் கெட்டுவிடுமா? சபரிமலைக் கருப்பு வேட்டிக்கு முதல் கொடி, பெண்ணின் உடம்பில் படும் துணிக்குச் சந்து என்று வைத்திருக்கிற வீட்டை ஆசாரமான வீடு என்கிறோம்.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்பீர்கள். பத்து வயது தாண்டிய யாரும் தன் உள்ளாடையைக் குளிக்கும்போதே துவைத்துவிட வேண்டும். தாத்தாவும் அப்படித்தான், கை நடுங்காதவரை. வண்ணான் குறியைத் திரும்பக் கொண்டுவரலாம்: காலரின் உள்பக்கம் ஆளுக்கொரு நிற நூலில் ஒரு தையல். கூடையும் ஆளுக்கொன்று, அவரவர் கூடை நிறைந்தால் அவரவர் மிஷின் முறை. போர்வை, திரைச்சீலை, அடுப்படித் துணி, குழந்தை துணி, படுக்கையில் கிடப்பவர் துணி இவைதான் குடும்பத்தின் பொதுத்துணி. அதற்கு ஆண்களும் சேர்ந்த முறைப் பட்டியல். கொடி எல்லாமே வெயிலில், முதலில் வந்தவருக்கு முதல் கொடி. ஆள் வைத்துக்கொள்கிறோம் என்பவர்கள் சம்பளமும் வார விடுப்பும் சரியாகக் கொடுத்து வைத்துக்கொள்ளட்டும். அந்தம்மா வராத நாளில் யார் துவைப்பது என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும்.

ஆண்களுக்குப் பழக்கமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழக விடுதிகளில் தலைமுறை தலைமுறையாகப் பையன்கள் வாளியும் பிரஷும் வைத்துக்கொண்டு துவைத்திருக்கிறார்கள். தாலி கட்டிய அன்று அந்தக் கலை எப்படி மறந்துபோகிறது என்று மருத்துவ உலகம்தான் ஆராய வேண்டும். சித்தூர், கடப்பைப் பக்கத்திலிருந்து குவைத்துக்குப் போனவர்களைக் கேளுங்கள். ஓர் அறையில் எட்டுப் பேர் தங்குகிற இடத்தில் ஒருவன் துணியை இன்னொருவன் துவைப்பதில்லை. அதே ஆள் லீவுக்கு வந்து இறங்கியதும் பெட்டியைத் திறந்து, சாக்லேட்டுக்கும் சென்ட்டுக்கும் அடியில் திணித்திருந்த அழுக்குத் துணியை எடுத்துத் தாழ்வாரத்தில் வைக்கிறான். அம்மாவோ மனைவியோ எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போகிறார்கள்.

அதே கிராமங்களிலிருந்து பெண்களும் குவைத்துக்குப் போகிறார்கள், வீட்டுவேலைக்கு. அங்கே துவைப்பது, மடிப்பது, இஸ்திரி போடுவது எல்லாம் வேலைக் கணக்கில் வரும், தினாரில் சம்பளம் உண்டு. 2015இல் குவைத் கொண்டுவந்த வீட்டுவேலைத் தொழிலாளர் சட்டம் வாரத்துக்கு ஒரு நாள் விடுப்பு தரச் சொல்கிறது. எத்தனை எஜமானர்கள் தருகிறார்கள் என்பது வேறு கதை. புத்தூர்ப் பின்கட்டுக்கு அப்படி ஒரு நாள் காகிதத்தில்கூடக் கிடையாது.